கேட்டுக்கு வெளியே ஆறு பேர்

வருடத்தில் ஒரே ஒரு வாரம் ஓடும் ரயிலில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இதைச் சொன்னால் ஷார்ஜாவில் என் மருமகனிலிருந்து கீழ்வீட்டு மலையாளி வரை சிரிக்கிறார்கள். "மீதி ஐம்பத்தோரு வாரமும் தூக்கமா பாய்?" என்பார் மலையாளி. தூங்கியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒரு வாரத்தை நினைத்து ஐம்பத்தோரு வாரமும் பயந்துகொண்டிருப்பதுதான் எங்கள் வேலை.

ஊர்ச் சங்கத்து மலருக்கு என் வேலையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். பேசச் சொன்னால் பேசுவேன், எழுத வராது என்று தட்டிக்கழித்து வந்தேன். சென்ற மாதம் ஆமினா லாத்தாவிடமிருந்து போன் வந்தது. அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அதிராம்பட்டினம் பக்கம் அக்காவை லாத்தா என்போம். அவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. யார் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படித்தது ஒன்பதாவது வரை. இருபத்து மூன்று வயதில் சவூதியின் யான்புவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குழாய் வேலைக்கு ஹெல்பராகப் போனேன். பதினைந்து வருடம் அங்கே கழிந்தது. அரபியும் உருதும் கேம்ப்பில் கற்றவை, கொஞ்சம் வங்காளமும் உண்டு. யார் எதைச் சொன்னாலும் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு. எங்கள் பாகிஸ்தான் பட்டாணிய வெல்டர், புதிதாக வருகிறவன் குழாயைத் தட்டிப் பார்த்தால் சொல்வார்: "குழாயைத் தொடாதே பாய், மீட்டரைப் பார். குழாய் உன்னிடம் பேசுவது வெடிக்கும்போது மட்டும்தான்." அன்று சிரித்தேன். மீட்டர் இல்லாத குழாய் ஒன்று, ஜனத்தால் நிரம்பியது, எனக்காகக் காத்திருப்பது அப்போது தெரியாது.

ஹஜ் பயணிகளின் கூடார நகரமான மினாவையும் அரஃபா மைதானத்தையும் இணைக்கும் ரயிலுக்கு ஆள் எடுக்கிறார்கள், பல பாஷை தெரிந்தவன் வேண்டும் என்றார்கள். போனேன். போகாதவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹஜ்ஜில் ஒரு குறிப்பிட்ட நாள் உண்டு. காலையில் கூடாரத்தை விட்டுக் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் அரஃபா மைதானத்தில் போய் நின்றுவிட வேண்டும். மற்றவை எது தவறினாலும் பரிகாரம் இருக்கிறது. அன்று அங்கே போய் நிற்காதவருக்கு அந்த வருடம் ஹஜ் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்து வருகிற கிழவர் கிழவிகள் அத்தனை பேருக்கும் அன்று காலையில் மனதில் இருப்பது ஒன்றே ஒன்று. வண்டியைப் பிடிக்க வேண்டும். அவர்கள் வந்து மோதும் கேட்டில்தான் எனக்கு டூட்டி.

நிலையம் தூண்களின் மேல் நிற்கும். பிளாட்பாரம் உயரத்தில். அங்கே ஏறிப்போக ஒரு சரிவுப் பாதை. சரிவின் அடியில் ஓர் இரும்புக் கேட். கேட்டுக்கு முன்னால் கம்பி வேலி போட்ட பெரிய அடைப்பு. பயணிகள் தெருவிலிருந்து அடைப்பின் பின்வாசல் வழியாக வந்து நிரம்புவார்கள். மேலே நின்ற வண்டி கிளம்பி பிளாட்பாரம் காலியானதும் வாக்கிடாக்கியில் ஒரு குரல் வரும். கேட்டைத் திறப்போம். ஜனம் ஏறும். மேலே நிரம்பியதும் "பஸ்" என்று இன்னொரு குரல். போதும் என்று பொருள். கேட்டைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும், யார் கெஞ்சினாலும், அடுத்த வண்டி போகும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் சரிவில் ஏறியவர்களுக்கு மேலே இடம் இருக்காது. பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. சரிவில் ஒருவர் விழுந்தால் அவரோடு நிற்காது.

அடைப்பு எப்போதும் ஒரு வண்டியை விடக் கொஞ்சம் அதிகம் கொள்ளும். ஆகையால் கேட்டைச் சாத்துவது எப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஜனத்தின் நடுவில்தான். யாருக்கும் யாருக்கும் இடையில் சாத்துவது? அதுதான் தொழில்.

அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் முதீர் இத்ரீஸ். முதீர் என்றால் மேலாளர். சூடான்காரர், நெடிய ஆள், எப்போதும் வாயோரத்தில் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி ஒன்று. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். அவர் குரல் சாதாரண நாட்களில் சாதாரணமாக இருக்கும். ஆபத்து கூடக்கூட அது இறங்கும். அவர் வாயருகில் காதைக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்துவிட்டால் ஆபத்து உச்சத்தில் என்று அர்த்தம்.

அவர் சட்டங்களில் முதலாவது, ஓடாதே. நிலையத்தின் ஆள் ஓடுவதைப் பார்த்தால் ஜனம், எதற்கு என்று தெரியாமலே ஓடும். இரண்டாவது, கத்தாதே. மூன்றாவது, செருப்பைப் பார். தரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் அதைத் தவறவிட்டவருக்குக் குனிந்து எடுக்க இடமில்லை என்று அர்த்தம். ஒன்று கிடந்தால் வாக்கிடாக்கியில் சொல். மூன்று கிடந்தால் பின்வாசலை மூடச் சொல். நான்காவது, சத்தத்தைக் கேள். ஜனம் சண்டை போடும்வரை, திட்டும்வரை, குழந்தை அழும்வரை கவலையில்லை. சத்தம் அடங்கினால் மூச்சு இல்லாமல்தான் அடங்கியிருக்கிறது.

ஐந்தாவதுதான் எங்களுக்கு நாளெல்லாம் சொல்வது: "வால் எங்கே?"

பயணிகள் தனித்தனியாக வருவதில்லை. குழுவாக வருவார்கள். முன்னால் ஒருவர் கொடியோ குடையோ தூக்கிப் பிடித்திருப்பார். மற்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டு, முன்னால் போகிறவர் தோளையோ துணியையோ பிடித்தபடி வருவார்கள். உயிர் போனாலும் பிடியை விட மாட்டார்கள். ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பியது அதுதானே. ஆகவே கேட்டைச் சாத்துமுன் ஒரு குழுவின் கடைசி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் சாத்த வேண்டும். நடுவில் சாத்தினால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று இழுக்கும். இத்ரீஸ் தினமும் பத்துத் தடவை கேட்பார், வால் எங்கே, வால் எங்கே என்று. டீ குடிக்க நாங்கள் வரிசையில் நின்றால்கூடக் கேட்பார்.

முதல் வருடம் சீசனுக்கு முன் ஒத்திகை வைத்தார். காலி நிலையம். பயணிகளாக நாங்களே அடைப்புக்குள் போனோம். என்னைக் கேட்டை ஒட்டி நிற்க வைத்தார். பின்னால் இருந்தவர்களைத் தள்ளச் சொல்லவில்லை. லேசாகச் சாயச் சொன்னார். எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சாய்ந்தார்கள். என் நெஞ்சு கம்பியில் பதிந்தது. "பாய், போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லுக்குக் காற்று இல்லை. மூன்று மூச்சு நேரம்தான் இருக்கும். பின்னால் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுதான் எனக்கு மறக்கவே இல்லை.

கைகாட்டி நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பின்னால் நின்றவன் உன் முகத்தைப் பார்த்தானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பார்த்திருந்தால் தானே நின்றிருப்பான். கெட்டவன் இல்லை அவன். அவனிடம் போய்ச் சொல்வதற்குத்தான் நீ." அன்று முதல் எனக்கு அந்த ஒரு வாரம் முழுக்கச் சோறு இறங்காது.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். எந்த வருடம் என்பது வேண்டாம். எனக்கு வேலை நன்றாகப் பழகிவிட்டது, பயமும் கொஞ்சம் பழகிவிட்டது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அரஃபாவுக்கு முதல் நாள், சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, பாதை பார்க்கக் கூடாரங்களின் பக்கம் போயிருந்தேன். ஒரு கூடாரத்திலிருந்து தமிழ்ச் சத்தம். அதிலும் நம் ஊர்ப் பக்கத் தமிழ். உள்ளே தலையை நீட்டி ஸலாம் சொன்னேன். விடுவார்களா? நானகத்தான் பிஸ்கட் டின் திறந்தது, பிளாஸ்க் திறந்தது, நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை திறந்தது. பெண்கள் பதினோரு பேர். கொஞ்சம் ஆண்கள். அதில் ஆமினா என்று ஒரு அம்மா, அறுபதைத் தொடும் வயது, ஒல்லி உடம்பு. கணவர் இறந்து இத்தா என்னும் துக்கக் காலம் முடிந்த கையோடு, மகன்கள் சேர்ந்து அவருடைய தம்பியைத் துணைக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். தம்பி கொடி பிடித்து முன்னால் போகிற ஆள். அந்த அம்மா மக்கா வந்த முதல் நாளே பள்ளிவாசலில் கூட்டத்தில் தொலைந்துபோய், எந்த வாசல் என்று தெரியாமல், யாரிடமும் பேச பாஷையில்லாமல் அரை நாள் ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து கண்ணில் ஒரு கலக்கம்.

"தம்பி, நாளைக்கி அரஃபாவுக்குப் போற கூட்டத்துல தொலைஞ்சிட்டா என்னா செய்றது? எனக்கு அதுதான் பயமா இக்கிது. ஹஜ்ஜே போயிருமுல்ல?"

நான் ரயில்காரன். ஊர்க்காரன். இத்தனை பேர் நடுவில் நானகத்தானும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். பேசத் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் வாய் சும்மா இருக்குமா? அவர்கள் பெட்டிகளில் அடையாளத்துக்குக் கட்டின பச்சை நாடாச் சுருள் மூலையில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்து, "எல்லாப் பெண்களும் வரிசையா இந்த ஒரே நாடாவ மணிக்கட்டுல ஒரு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டுக்கங்க லாத்தா. அப்புறம் ஒங்களத் தொலைக்கணும்னு நெனச்சாலும் முடியாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்காக நாளை துஆ செய்வதாகப் பதினோரு பேரும் சொன்னார்கள். நான் மிதந்துகொண்டுதான் திரும்பினேன். உயிர் போனாலும் பிடியை விட மாட்டார்கள் என்பதுதான் எங்கள் பெரிய தலைவலி. அவர்கள் விட நினைத்தாலும் முடியாதபடி செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வெயில் கேட் ஓரத்து ஊழியர் ஷெட்டின் தகரத்தில் இறங்கிவிட்டது. கேட் திறந்திருந்தது, ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்க் கொடி தெரிந்தது. ஆமினா லாத்தாவின் தம்பி கொடியோடு போனார். ஆண்கள் போனார்கள். பெண்கள் வந்தார்கள். என்னைப் பார்த்து ஒரு அம்மா தலையசைத்தார். அந்த நேரம் வாக்கிடாக்கியில் "பஸ்" என்றது.

வாலைத் தேடினேன், முகங்களைப் பார்க்க நேரமில்லை. ஐந்தாவது பெண் உள்ளே போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஓர் எட்டு இடைவெளி. முன்னால் போகிறவரைப் பிடிக்காமல் ஒரு பெண் நின்றால் அவர் வேறு குழு என்றுதான் பல வருடப் பழக்கம் சொல்லும். பிடிக்கவில்லைதான். பிடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் நான்தான் செய்திருந்தேன். நாடா அவர்கள் தொழுகைத் துணிக்குள் இருந்தது. அந்த இடைவெளியில் கேட்டை இழுத்துச் சாத்தினேன். பூட்டு விழுந்த சத்தத்தோடு கம்பிகளுக்கு நடுவில் பச்சையாக ஒன்று விறைத்து நின்றது.

உள்ளே ஐந்து பேர், வெளியே ஆறு பேர். வெளியே முதலில் நின்றவர் ஆமினா லாத்தா.

உள்ளே இருந்தவர்களைப் பின்னால் நின்றவர்கள் சரிவில் மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். நாடா இழுத்தது. லாத்தாவின் வலது கை கம்பிகளுக்கு நடுவே தோள்வரை உள்ளே போய்விட்டது. பின்னாலிருந்து அடைப்பு நிரம்பிக்கொண்டே வந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இழுத்த இழுப்பில் அது கல்லாகியிருந்தது. என் கையில் கத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. "பின்னால போங்க" என்று தெரிந்த பாஷையில் எல்லாம் சொன்னேன். என் முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்கள் போக நினைத்தாலும் எங்கே போவார்கள்? கீழே பார்த்தேன். வேலியின் அடியில் ஒரு செருப்பு. சற்றுத் தள்ளி இரண்டு. அப்புறம் எண்ணவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் குறைய ஆரம்பித்தது.

கேட்டைத் திறந்துவிடலாம் என்று கை பூட்டுக்குப் போனது. மேலே பிளாட்பாரம் நிரம்பியிருக்கிறது, சரிவில் ஆள் நிற்கிறது. திறந்தால் இந்த ஒரு கைக்காக எத்தனை பேர்? திறக்காவிட்டால் இந்த அம்மா என் கண் முன்னால். என் கை பூட்டின் மேலேயே இருந்தது. அதன் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. முதீர் இத்ரீஸ். நடந்துதான் வந்திருக்கிறார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

அவர் உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. காதைக் கொண்டுபோனேன்.

"கேட் என்னிடம். நீ பின்வாசலுக்குப் போ. வாலைத் திருப்பு."

இந்த அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒத்திகை நாளில் கேட்ட கேள்விதான் அந்தப் பார்வையில் இருந்தது. பின்னால் இருப்பவன் இவர் முகத்தைப் பார்க்கிறானா?

லாத்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் கம்பியில் அழுந்தி, ஒரு கண்தான் தெரிந்தது. சத்தம் வரவில்லை, உதடுதான்.

"தம்பி... போயிராதே."

நான் திரும்பினேன்.

வேலிக்கு வெளியே ஊழியர் நடக்க ஓர் ஒற்றையடி இடம் உண்டு. கேட்டிலிருந்து பின்வாசலுக்கு எண்பது அடி இருக்கும். அந்த எண்பது அடியை நான் நடந்தேன். ஓட உடம்பு துடித்தது. ஓடக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் முகங்கள். கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்துக்கொண்டு, முகத்தை வானம் பார்க்கத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் ஒரே உடம்பாக மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. கோபமாக ஒரு முகம்கூட இல்லை. சிலர் ஓதிக்கொண்டிருந்தார்கள், உதடு மட்டும். இன்றும் கண்ணை மூடினால் அந்த எண்பது அடி வரும். முதுகில் ஒரு கண் குத்திக்கொண்டே இருக்கும்.

பின்வாசலுக்குக் கிட்டே வந்தால், அங்கே வேறு உலகம். பேச்சு, சிரிப்பு, தண்ணீர் பாட்டில். தெருவிலிருந்து வங்காளதேசத்துக் குழு ஒன்று அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. பெரிய குழு. முன்னால் ஒரு தாடிக்காரப் பெரியவர் சிவப்புத் துணி கட்டிய குடையை உயர்த்திப் பிடித்திருந்தார். வாசலில் நின்ற காவலர் கையை நீட்டித் தடுத்துப் பார்த்தார். கையை யார் பார்க்கிறார்கள்? எல்லார் கண்ணும் குடை மேல்.

சட்டென்று புரிந்தது. இவர்களிடம் நின்றால் பயனில்லை. குடையிடம்தான் பேச வேண்டும்.

பெரியவரிடம் போய் ஸலாம் சொன்னேன். "சாச்சா, குடையை எடுத்துக்கிட்டு என்கூட இப்படி வாங்க" என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லித் தெருப்பக்கம் காட்டினேன். அவர் அசையவில்லை. அரஃபாவுக்கு அதுதான் வழியா என்று கேட்டார். ஹஜ்ஜின் இஹ்ராம் வெள்ளைத் துணி கட்டி நிற்கிற மனிதர். அவர் முகத்தைப் பார்த்து, ஆமாம், அதுதான் வழி என்றேன். பொய். அந்த நேரத்தில் அது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

குடை திரும்பியது. அவர் பக்கத்தில் நானும் மெதுவாக நடந்தேன், கடைத்தெருவில் பேசிக்கொண்டு போவது போல. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே. என் குரல் என் குரலாக இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்கப் பயம். கொஞ்ச தூரம் போய்த்தான் பார்த்தேன். குழு முழுதும் குடைக்குப் பின்னால் திரும்பியிருந்தது. காவலர் பின்வாசலைச் சாத்திவிட்டார். அடைப்பின் பின்வரிசையில் இடம் விழுந்தது. அப்புறம் அதற்கு முன்வரிசையில். வயலில் மடை திறந்தால் தண்ணீர் இறங்குகிற மாதிரி வரிசை வரிசையாக இறங்கி முன்னால் போனது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

திரும்பியும் நடந்துதான் வந்தேன். லாத்தா தூணடியில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோளிலிருந்து தனியாகத் தொங்கியது. காலில் செருப்பு இல்லை. முதீர் இத்ரீஸ் முழங்காலிட்டு அவருக்கு மூடியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தாடியில் பச்சை நூல்கள் ஒட்டியிருந்தன. நாடாவைப் பல்லால் கடித்து அறுத்திருக்கிறார். எப்போதும் சட்டை மடிப்புக் கலையாத மனிதர், ஜனத்தின் நடுவில், கேட்டில் முகம் வைத்துக் கடித்திருக்கிறார். உதட்டில் ரத்தம்.

லாத்தா தமிழில் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "அரஃபாவுக்கு நேரம் இக்கிதா? அரஃபாவுக்கு நேரம் இக்கிதா?" முதீருக்குப் புரிந்தது அரஃபா என்ற சொல் ஒன்றுதான். அதற்கு அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இருக்கிறது, இருக்கிறது என்று. நான் ஐந்தடியில் நின்றேன். கிட்டே போகவில்லை. மொழிபெயர்க்கவும் இல்லை.

தோள் மூட்டு விலகியிருந்தது. மருத்துவ முகாமில் அன்று முழுதும் படுக்க வைக்கத்தான் பார்த்தார்கள். நோயாளிகளையும் பொழுது சாய்வதற்குள் ஆம்புலன்ஸில் அரஃபாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் உண்டு. அந்த வண்டியில் ஒரு இடத்துக்காக முதீர் நான்கு முறை முகாமுக்குப் பேசினார். எங்கள் கேட் அன்று அதன் பிறகும் பல தடவை திறந்து மூடியது. குடைப் பெரியவரின் குழு அடுத்த வண்டியில் ஏறியது. என்னைத் தாண்டும்போது அவர் குடையை ஆட்டிச் சிரித்தார். நான் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தித் தொழுகையான மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் லாத்தாவின் தம்பி போனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. லாத்தா வந்துவிட்டார்கள், ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்து துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சீசன் முடிந்து முதீர் அறிக்கை எழுதினார். வால் தெரியுமுன் கேட் சாத்தப்பட்டது என்று ஒரு வரி, அதன் கீழே என் பெயர். நியாயம். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "அவர்களை யார் கட்டிக்கொள்ளச் சொன்னது?"

தெரியாது முதீர் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் தமிழன், அவர்களும் தமிழர்கள். அவர் முட்டாள் இல்லை. வேறொன்றும் கேட்காமல் அறிக்கையை மடித்தார். இரண்டு வருடம் கழித்து லீவில் சூடானுக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே சண்டை. அவர் எண்ணுக்கு அடித்தால் எடுப்பதில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிற ஆட்களில் அவர் ஒருவர்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை அதே கேட்டில்தான் நின்றேன். சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். சாத்துமுன் இடைவெளியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன், நாடா, கயிறு, துணி எதுவும் இருக்கிறதா என்று. மற்றவர்கள் கேலி செய்வார்கள். இப்போது மேலே கேமரா வைத்துத் தலையை எண்ணுகிறார்களாம், கேட் தானாகவே சாத்திக்கொள்கிறதாம். நல்லதுதான். கேமராவுக்குத் துணிக்குள் இருக்கும் முடிச்சு தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆமினா லாத்தா ஒவ்வொரு வருடமும் ஹஜ் சீசனில் எனக்குப் போன் செய்வார். தோள் மழைநாளில் வலிக்கும் என்பதைத் தவிர வேறு குறை சொன்னதில்லை. தவறாமல் ஒன்று சொல்வார்: "நீ சொன்ன முடிச்சுதான் தம்பி என்னெ நிப்பாட்டுச்சு. இல்லாட்டி கூட்டம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்." நான் ஒவ்வொரு வருடமும் ம் கொட்டுவேன். போனை வைத்த பிறகு அன்று முழுக்கப் பேச்சு வராது. பேசியே பிழைத்தவன் நான்.

சென்ற மாதம் அழைத்தார். இந்த வருடம் அவர் பேத்தியும் மாப்பிள்ளையும் போகிறார்களாம், ஊரிலிருந்து நாற்பது பேர் ஒரே குழுவாம். சந்தோஷக் குரலில் சொன்னார்: "எல்லாருக்கும் நீ சொன்ன மாதிரியே நாடா வாங்கியாச்சு. நாந்தான் எப்புடி முடிச்சுப் போடணும்னு ஒக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அந்தப் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஷார்ஜாவில், மகள் வீட்டு சோபாவில், ஏசிக்குக் கீழே.

"லாத்தா, அந்த நாடா வேணாம்" என்றேன். ஏன் என்றார். சொன்னேன். முழுதும் சொன்னேன். கேட்டைச் சாத்தியது நான், அவரை விட்டுப் பின்வாசலுக்குப் போனது கூட்டத்தைத் திருப்பத்தான், நாடா இல்லாவிட்டால் அவர் ஒரு எட்டு பின்வாங்கி அடுத்த வண்டிக்கு நின்றிருப்பார், தோளைப் பறித்தது என் வாய் என்பது வரை.

"அப்ப கேட்டுல கூட்டம் பிரிஞ்சா எம் பேத்தி என்னா செய்யணும்?"

"கைய விட்டுடணும் லாத்தா. உள்ள போனவங்க போகட்டும். வெளியே நிக்கிறவங்க நிக்கட்டும். அடுத்த வண்டி வரும்."

"கைய உட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரணுமா? அன்னைக்கி நீ போனியே, அப்புடியா?"

"ஆமா லாத்தா. அப்படித்தான்."

அவர் போனைக் கீழே வைக்காமலே வீட்டுக்குள் யாரிடமோ சொன்னது கேட்டது, அந்த நாடாவை எல்லாம் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று. பிறகு என்னிடம் வந்தார்.

"நான் இத்தன வருசமா, நீ பயந்துக்கிட்டு ஓடிட்டேன்னுல்ல நெனச்சேன். அது ஒனக்கு உறுத்திக்கிட்டு இருக்குமேன்னுதான் வருசா வருசம் போன் பண்ணி அந்த முடிச்சப் பத்திப் பெருசாச் சொல்வேன்."

சோபாவிலிருந்து எழுந்து நின்றேன்.

"பயந்தது உண்மைதான் லாத்தா" என்றேன். "ஆனா ஓடல. நடந்துதான் போனேன்."